மூணுபத்துச் சத்தம்

அமலோற்பவ மதாம் அந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்த நாளிலிருந்து, காரைக்கால் சுங்கத் தெருவில் தினமும் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு சத்தம் கேட்டது. மழையோ வெயிலோ, ஞாயிறோ பெருநாளோ, ஒரு நாள் தவறாமல் கேட்டது; ஒரே ஒரு தடவை கேட்டு அடங்கியது; எங்கிருந்து என்று திரும்பிப் பார்ப்பதற்குள் போயே போய்விட்டது. முதல் நாள் தெருவே வாசலுக்கு வந்தது. இரண்டாம் நாள் பாதிப் பேர் வந்தோம். மூன்றாம் நாள் முடிதிருத்தும் மாசிலாமணி, மூன்று எட்டுக்கே கத்தியை வாடிக்கையாளர் கழுத்திலிருந்து எடுத்துத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மூணுபத்து போவட்டும்" என்று நின்றார். அதோடு சத்தத்துக்குப் பேரும் வைத்தாகிவிட்டது.

கடிதம் கப்பலிலிருந்து வந்தது. எனக்குப் பக்கத்து வீட்டுச் செங்கமலத்தின் புருஷன் வேதரத்தினம் மரம் ஏற்றிப் போகும் கப்பலில் வேலை பார்த்தார். கொழும்பு தாண்டி இரண்டாம் நாள் கடலில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. கேப்டன் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். ஒன்றரைப் பக்கம் கப்பலின் பேர், எடை, ஏற்றியிருந்த மரம், அதைக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகள், காற்று வீசிய திசை. மனுஷனைப் பற்றி இரண்டே வரி: பிற்பகல் மூன்று பத்துக்குக் கப்பலின் பின்பக்கம் ஒரு 'க்ராக்' கேட்டது, அதன்பிறகு வேதரத்தினத்தை யாரும் பார்க்கவில்லை.

இந்த இரண்டு வரியை எங்கள் தெருவுக்கு முதலில் படித்துச் சொன்னவர் வேதரத்தினத்தின் அண்ணன் தட்சிணாமூர்த்தி. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. ஆங்கிலம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தெரு நடுவில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "கிராக்குன்னு போட்டிருக்கான் கேப்டன். நம்ம ரத்தினத்துக்குப் புத்தி பேதலிச்சிப் போயிருக்கு. அதான் குதிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு அழுதார். அழுத அழுகை உண்மையான அழுகை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கெல்லாம் கிராக்கு என்றால் ஒரே அர்த்தம்தானே; யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் மார்க்கெட் வரைக்கும் செய்தி போய்விட்டது. அதை மார்க்கெட்டுக்குச் சுமந்து போனவர்களில் நானும் ஒருத்தி. நான் ரவிக்கை தைப்பவள். அளவெடுக்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை.

வேதரத்தினத்தின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. இந்த மண்ணில் பிறந்து, கருவாட்டுக் குழம்பு தின்று, இந்த மண்ணிலேயே செத்தாலும், பிறந்ததையும் கட்டிக்கொண்டதையும் செத்ததையும் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தால்தான் பிரெஞ்சுக்காரர்களின் பதிவேட்டில் ஏறும். ஏறாதவரைக்கும் வேதரத்தினம் செத்தவரும் இல்லை, இருப்பவரும் இல்லை. ஆகவே கடிதத்தைப் பிரெஞ்சில் மாற்றி, முத்திரை வைத்து, செப்டம்பர் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும் என்று பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து உத்தரவு வந்தது.

அந்த வேலைக்கு ஊரில் இருந்தது அமலோற்பவ மதாம் ஒருத்திதான். தெருக்கோடி மாடியில், ஐந்து அகராதிகளும் ஒரு தட்டச்சு யந்திரமும் வட்ட முத்திரை ஒன்றும் வைத்துக்கொண்டு, முப்பத்தோரு வருஷமாக எங்கள் பிறப்பையும் இறப்பையும் பிரெஞ்சாக்கிக்கொண்டிருந்தாள். சொல் சரியாக அமையாவிட்டால் சோறு இறங்காது அவளுக்கு. செங்கமலம் கொடுத்த கடிதத்தை வாங்கி, வாய்விட்டுப் படித்தாள். 'க்ராக்' என்ற இடத்துக்கு வந்தபோது மணி மூன்று பத்து. அப்போதுதான் முதல் தடவை அது கேட்டது.

ஆளுக்கு ஒரு மாதிரி கேட்கிறது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. அதுவும் சண்டையில்தான். டீக்கடை ஹமீது சுல்தான், வெந்நீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர் 'சடக்'கென்று விடுவதுபோல இருக்கிறது என்றார். மாசிலாமணி, என்ன பேச்சு பேசுகிறாய், 'பளார்' என்றல்லவா கேட்கிறது என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவருடைய அப்பாவை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையார் கோயில் குருக்களுக்குச் சிதறுகாய் உடைந்தது. மாதா கோயில் சாமியாருக்குப் பூசையில் அப்பம் பிட்கிற சத்தம், இவ்வளவு பெரிதாகக் கேட்கலாமா என்று அவருக்கே கலக்கம். பெரிய வாத்தியாருக்குப் பிரம்பு முறிந்தது. டீக்கடை மாடியில் குடியிருந்த ரயில்வே தம்பதிக்கு மட்டும் யாரோ திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்கள். எனக்கு 'மளுக்' என்று ஊசி முறிந்தது. தினமும் கையிலிருந்த ஊசியைத் தூக்கிப் பார்ப்பேன், முழுசாகத்தான் இருக்கும். தமிழில் சத்தங்களுக்குப் பஞ்சமா என்ன. படார், டமார், மடார், சடக், பளார், மளுக் என்று ஆளுக்கொன்றைக் கட்டிக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் ஒருத்தரை ஒருத்தர் அடிக்காத குறையாக வாதாடினோம்.

அப்புறம் பழகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாது. தட்டான் கடையில் மூன்று பத்துக்குச் சுத்தியலை ஓங்க மாட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் மூன்று ஐந்துக்கே பிள்ளையின் காதைப் பொத்திக்கொள்வார்கள். கல்யாணப் பேச்சுக்கு வருகிறவர்களை "மூணுபத்துக்கு அப்புறமா வாங்க" என்று சொல்லி அனுப்புவோம். நகராட்சியிலிருந்து ஒருத்தர் பெரிய நோட்டோடு வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'நேரில் வந்து கேட்டேன், கேட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டில் கடிகாரம் நின்றுபோனபோது கண்டக்டர்கள் எங்கள் தெருமுனைக்கு வந்து நேரம் சரிபார்த்தார்கள். இப்படி அது எங்களோடு சேர்ந்து குடித்தனம் பண்ண ஆரம்பித்தது. ஏன் வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆனால் கிராக்கு என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. செங்கமலத்தின் மகள் எழிலுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் அவளைக் கிராக்கு மவ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அழுதுகொண்டு வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒரு நாள் பையைச் சுவரில் மாட்டிவிட்டு அம்மாவிடம், "அப்பாவுக்கு எப்பலேருந்தும்மா கிராக்கு? நான் பொறக்கறதுக்கு முன்னாடியேவா? எனக்கும் வருமா?" என்று கேட்டாளாம். நடுச்சுவர் ஒன்றுதான் எங்களுக்கு. எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் தையல் மிஷினை வேகமாக மிதித்தேன்.

மறுநாள் செங்கமலம் மதாமிடம் போய், "கிராக்குன்னா பைத்தியம்னு அர்த்தம் இல்லன்னு ஊருக்குச் சொல்லுங்க மதாம்" என்று கேட்டாள். மதாமும் மாடிப்படியில் நின்று, கீழே கூடியிருந்த எங்களுக்குச் சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள். இங்கிலீஷ்காரனுக்கு அது காதில் விழுந்த சத்தத்தை அப்படியே வாயால் சொன்ன வார்த்தை. அவன் ஒரே வார்த்தையை எல்லாவற்றுக்கும் வைத்து ஓட்டிவிடுவான். பிரெஞ்சுக்காரன் அப்படி விடமாட்டான். துப்பாக்கி வெடித்தால் 'தெத்தொனாசியோன்'. கோப்பையில் கீறல் விட்டால் 'ஃபெலூர்'. சுவரில் ஓடும் விரிசலுக்குப் பல்லியின் பேரை வைத்து 'லெசார்த்' என்பான். கம்பியோ மரமோ எலும்போ முறிந்தால் 'க்ராக்மான்'. சாட்டையோ அறையோ கதவைச் சாத்துவதோ என்றால் 'க்ளாக்மான்'. இதில் எது கப்பலில் கேட்டது என்று கேப்டன் எழுதவில்லை. கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டாளாம், கப்பலை விற்றுவிட்டோம், கேப்டன் வேறு கப்பலுக்குப் போய்விட்டான் என்கிறார்களாம்.

"அப்ப பைத்தியத்துக்கு என்னா வார்த்த மதாம்?" என்று தட்சிணாமூர்த்தி கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எங்களில் சிலரும் சிரித்தோம். மதாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆவணி பிறந்து ஒரு காலையில், தட்டச்சு அடித்த தாளில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டிருந்த மதாம், எப்படி அமைகிறது பார்ப்போம் என்று 'தெத்தொனாசியோன்' என்பதைப் பென்சிலால் எழுதி வைத்தாள். அன்று மூன்று பத்துக்கு எங்கள் எல்லோருக்கும், தம்ளர்க்காரருக்கும் சிதறுகாய்க்காரருக்கும் ஊசிக்காரி எனக்கும், ஒரே மாதிரி துப்பாக்கி வெடித்தது. காக்கைகூட எழும்பவில்லை, எங்களுக்குத்தான் வெடித்தது. அல்ஜீரியாவில் சண்டை போட்டுத் திரும்பி, முப்பது வருஷமாக ரோஜாத் தொட்டிகளைத் தவிர வேறொன்றையும் பேசாத சொல்தா தம்புசாமி, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவர் பெண்சாதி தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளித் தள்ளிச் சோறு போட்டாள். விஷயம் காதுக்கு எட்டியதும் மதாம் ரப்பரை எடுத்து அழித்தாள். அழித்த பிறகு மறுபடி அவரவர் சத்தம் அவரவருக்குத் திரும்பியது. தான் எதை எழுதுகிறாளோ அதைத்தான் தெரு கேட்கப்போகிறது, அதைத்தான் நடந்தது என்று நம்பப்போகிறது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. பிறகு பென்சிலைத் தொடவில்லை; செப்டம்பர் வந்து, இருபதும் தாண்டி, இருபத்தொன்பதும் ஆயிற்று.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குச் செங்கமலம் மாடி ஏறினாள். அன்றைக்கு அங்கே பேசியதை ரொம்ப நாள் கழித்து மதாமே எனக்குச் சொன்னாள். அவளுக்கும் யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

"மதாம், ஒண்ணு சொல்லணும். எனக்கு மூணுபத்து கேக்கல."

"எத்தன நாளா?"

"ஒரு நாளும் கேட்டதில்ல. ஊரே கேக்குது, எனக்குக் கேக்கல. லீவு நாள்ல எழிலு மூஞ்சியப் பாத்துதான் வந்துட்டுன்னு தெரிஞ்சிக்கிறேன். அது கண்ணச் சிமிட்டும்."

மதாம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. தண்ணி குடி."

செங்கமலம் உட்கார்ந்தாள், தண்ணீர் குடிக்கவில்லை. "அன்னிக்கு அவரு கப்பல்லேருந்து போன் பண்ணாரு. மூணு மணி இருக்கும். இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன்னாரு. இது மூணாவது தடவ, மதாம். எழிலு பொறந்தப்ப இல்ல. காது குத்துனப்ப இல்ல. அதுக்கு டைபாய்டு வந்து நான் ஒத்த ஆளா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இல்ல. எனக்கு ஆத்திரம் தாங்கல. அப்ப அங்கயே கெடங்க, எங்களுக்கு நீங்க செத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"இரு கமலம், ஒண்ணு சொல்றேன்னாரு. நான் இருக்கல. போன அடிச்சி வச்சிட்டேன். அடிச்சி வச்ச வேகத்துல தலையத் தூக்கி மணியப் பாத்தேன், எழிலு வர்றதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு." அவள் மதாமின் மேஜையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். "மூணு பத்து."

மதாமின் கை பழக்கத்தில் பெரிய அகராதியைத் திறந்தது. 'க்ளாக்மான்' இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். கதவை அடித்துச் சாத்துவது, போனை அடித்து வைப்பது, எல்லாம் அதற்குள்தான் வரும். கப்பலில் மரத்தைக் கட்டியிருந்த கம்பி அறுந்து அவரை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அவராகவே இறங்கியும் போயிருக்கலாம். கேப்டனின் காதில் விழுந்தது கம்பியா, காரைக்காலில் ஒரு வீட்டில் அடித்து வைத்த போனா என்று அகராதியில் போட்டிருக்கவில்லை.

"இதப் பாரு" என்று ஒரு தாளில் இரண்டு வார்த்தைகளையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினாள். "க்ராக்மான். க்ளாக்மான். இதப் போட்டா கம்பி அறுந்துது. இதப் போட்டா..."

"நான் அறுத்தேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"ஒரு எழுத்துதானா மதாம்?"

"ஒரு எழுத்துதான்."

செங்கமலம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் மதாம் சொன்னாள்: "முப்பத்தோரு வருஷமா, தெரியாத ஒண்ணுக்கு நான் முத்திர வச்சதில்ல. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சா எழுதுவேன். உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

"எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா எழிலுக்குத் தெரிஞ்சாவணும்." செங்கமலம் எழுந்து நின்றாள். "கம்பி அறுந்துதுன்னு போடுங்க. எம் புள்ள அப்பனுக்குப் பைத்தியமும் இல்ல, எங்கள விட்டுட்டுப் போவணும்னு போவவும் இல்ல. ஊரு அதக் கேக்கட்டும். இன்னொண்ண நான் வச்சிக்கிறேன்."

அவள் கீழே இறங்கிப் போனதை நான் பார்த்தேன். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள். மதாம் மூன்று மணி வரைக்கும் யந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். பிறகு 'க்ராக்மான்' என்று அடித்து, வட்ட முத்திரையை மையில் தோய்த்து, தாளின் அடியில் வைத்து அழுத்தினாள்.

மூன்று பத்துக்குக் கம்பி அறுந்தது. தெரு முழுக்கக் கேட்டது. எல்லோருக்கும் ஒன்றாகக் கேட்டது. முறுக்கேறிய பெரிய இரும்புக் கம்பி, தாங்குகிற மட்டும் தாங்கிவிட்டு, அறுந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம். அது அடங்கியபின் எங்கோ மரங்கள் உருள்வதுகூடக் கேட்டது. மாசிலாமணி கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டார். ஹமீது சுல்தான் தலைத் துண்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். தட்சிணாமூர்த்தி வாசலுக்கு ஓடி வந்து, தலையில் அடித்துக்கொண்டு, "கம்பி அறுந்திருக்குடா, என் தம்பிய கம்பி அடிச்சிருக்குடா" என்று கதறினார். அன்றைக்குச் சீக்கிரமே பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த எழில் தெருமுனையில் நின்று அதைக் கேட்டாள். அவள் பின்னாலேயே வந்த பிள்ளைகளும் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி அவள் பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மூன்று பத்துக்கு எல்லோரும் வாசலில் நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. வேதரத்தினத்தின் சாவு பதிவேட்டில் ஏறியது. பதினாறாம் நாள் காரியத்தைத் தள்ளிப்போட்டிருந்தவர்கள் முறையாகச் செய்தார்கள். ஊரே போய்ச் சாப்பிட்டது. நான் அன்னிக்கே சொன்னேனே கம்பியாத்தான் இருக்கும்னு, என்று தட்சிணாமூர்த்தி பந்தியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார், நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். கிராக்கு என்ற வார்த்தையை நாங்கள் யாரும் எப்போதும் சொன்னதே இல்லை என்று ஆகிவிட்டது. மாசிலாமணி மட்டும் இன்றைக்கும் அந்த நேரத்துக்குக் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுகிறார், பழக்கதோஷம்.

தை மாசம் எழிலுக்குப் பாவாடை சட்டை தைத்து எடுத்துக்கொண்டு செங்கமலம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் போன் இருந்த முக்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் முறம், முறத்தில் அரிசி. கார்த்திகைப் புயலிலேயே அந்த போனுக்கு லைன் போய்விட்டது. சரிபண்ணச் சொல்லி அவள் எழுதிப் போடவும் இல்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன். அப்போது அவள் உடம்பு தூக்கிப் போட்டது. முறத்திலிருந்த அரிசி தரையெல்லாம் சிதறியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன், மணி மூன்று பத்து.

அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "இருக்கேங்க" என்றாள். "சொல்லுங்க. நான் வைக்கல."